படக்காரி வீட்டுக்கு வந்த கார்டு

நாத்தனார் ஏன் பேசுவதில்லை என்று கேட்டுக் கடிதம் மேல் கடிதம் போட்டவர்கள் இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். காரணம் படக்காரிக்கே தெரியாது. மூன்று வாரமாக அவளும் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களுக்கு நாலே வரி. படக்காரி இந்த வீட்டு மருமகள், ஒரு தச்சனின் மனைவி. அறைகளைக் கட்டுவதற்கு முன்பே கம்ப்யூட்டரில் கட்டிக் காட்டுவது அவள் தொழில். பெயர் வைத்தது நாத்தனார். நாத்தனார் பல் செட் செய்யும் லேபில் வேலை பார்ப்பதால் பதிலுக்கு அவளுக்குப் பல்லுக்காரி என்று பெயர் விழுந்தது. பேச்சு நிற்கும் வரை இருவரும் ஒட்டிப் பிறக்காத குறைதான்.

இன்று காலை பத்து மணிக்கு வாசல் மணி அடித்தது. மாமனார்தான் போய்க் கையெழுத்துப் போட்டுப் பெட்டியை வாங்கினார்.

"அம்மாடி, உனக்குக் கார்டு வந்திருக்காம். யாருக்குக் கல்யாணம்? இவ்ளோ பெரிய பெட்டியில பத்திரிகை வைக்கறாங்களே!"

படக்காரி ஈரக் கையோடு ஓடி வந்தாள். "கல்யாணம் இல்ல மாமா. கிராபிக்ஸ் கார்டு! வந்துடுச்சா? ஐயோ, வந்துடுச்சா!"

"வந்ததாலதானே கையில வெச்சிருக்கேன்."

அவள் பெட்டியை வாங்கிக் குழந்தையைப் போல் மார்போடு அணைத்துக்கொண்டாள். அந்தச் சந்தோஷம் ஏன் என்று போன வாரம் படித்தவர்களுக்குத் தெரியும். ஊர் வாசகசாலையை இடித்துக் கட்டப்போகிறார்கள். உள்ளே அலமாரி, மேஜை, நடைபாதை எல்லாம் எப்படி இருக்க வேண்டும் என்று வரைந்து காட்டும் வேலைக்கு இரண்டு பேர் போட்டி. ஒன்று பெரிய கம்பெனி. இன்னொன்று படக்காரி.

வாசகசாலைக் கமிட்டித் தலைவி ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. சக்கர நாற்காலியில் இருப்பவர். தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தபடி, படக்காரியின் கம்ப்யூட்டரில் ஓடும் வாசகசாலைக்குள் இணையம் வழியாகத் தானே மவுஸை நகர்த்திப் போய்ப் பார்க்க ஆசைப்பட்டார். போன வாரம் அப்படிப் போனபோது, வாசல் கதவருகே படம் நின்றது. நின்றது என்றால் நின்றேவிட்டது. தலைவி ஒரு நிமிடம் காத்திருந்து பார்த்துவிட்டுச் சிரிக்காமல் கேட்டார்: "படத்துலயே வாசலைத் தாண்ட முடியலையேம்மா. நிஜத்துல நான் எப்படித் தாண்டுவேன்?"

படக்காரிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள் என்று கெஞ்சி வாங்கியிருந்தாள். அந்த வாய்ப்பு இன்று சாயந்திரம் நாலு மணிக்கு. இன்றும் வாசலில் நின்றால் வேலை கம்பெனிக்குப் போய்விடும். அவள் பழையபடி "தச்சர் பெண்டாட்டி, சும்மா படம் போட்டுத் தருவாங்க" என்கிற ஆளாகவே இருக்க வேண்டியதுதான்.

"மாமா, எனக்கு உதவிக்கு ஆள் வேணும். நீங்க ஃப்ரீயா?"

"ரிடையர் ஆனதுலேர்ந்து ஃப்ரீதான்," என்றார் மாமனார். முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர்.

கம்ப்யூட்டர் இருந்த இடம் கூடத்து மூலை. ஒரு பக்கம் ஃபிரிட்ஜ், மறுபக்கம் பீரோ, தலைக்கு மேலே துணிக்கொடி. படக்காரி எல்லா வயரையும் பிடுங்கினாள். கம்ப்யூட்டர்ப் பெட்டியை மேஜையில் படுக்க வைத்துப் பக்கவாட்டு மூடியைக் கழற்றினாள். உள்ளே நாலு வருஷத்துத் தூசி படிந்திருந்தது.

"இதைத் தொடறதுக்கு முன்னாடி இரும்பைத் தொட்டுக்கணும் மாமா. உடம்புல இருக்கற கரண்ட் பாய்ஞ்சா கார்டு போயிடும்."

"என் உடம்புல கரண்ட் இருந்தா நான் ஏம்மா மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கறேன்?" என்றாலும், சொன்னபடி பெட்டியின் இரும்பைத் தொட்டுக்கொண்டார்.

கார்டு உட்காரும் இடத்துக்கு நேரே, பின்பக்கம் இரண்டு தகரப் பட்டைகள். அவற்றை எடுக்க வேண்டும். முதல் திருகாணி சமர்த்தாக வந்தது. இரண்டாவது, படக்காரியின் விரல் நுனியில் ஒரு நொடி உட்கார்ந்து பார்த்துவிட்டு, டிக் என்று உள்ளே விழுந்தது.

விழுந்ததா, எங்கே விழுந்தது? டார்ச் அடித்துப் பார்த்தாள். பெட்டியைச் சாய்த்தாள், குலுக்கினாள். உள்ளே கிலுகிலு என்று சத்தம் கேட்டதே தவிர ஆளைக் காணோம். மதர்போர்டு என்கிற தாய்ப் பலகைக்கும் இரும்புத் தட்டுக்கும் நடுவே போய் ஒளிந்துகொண்டிருந்தது.

"போனாப் போவுது. ஒரு ஸ்க்ரூதானே? வேற போட்டுக்கலாம்."

"ஐயோ மாமா, அதை உள்ள வெச்சுக்கிட்டு ஸ்விட்சைப் போட்டா, படக்கூடாத எடத்துல பட்டு எல்லாம் புகைஞ்சுடும். அப்புறம் கார்டும் இல்ல, கம்ப்யூட்டரும் இல்ல."

குண்டூசியை விட்டுப் பார்த்தாள். காந்தம் கொண்டுவந்த மாமனாரைப் பதறித் தடுத்தாள். மணி பன்னிரண்டரை. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஒரு மணிக்குப் பல்லுக்காரி மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தாள். கூடத்தில் கம்ப்யூட்டர் வயிற்றைத் திறந்து கிடப்பதையும், அண்ணி அதன்மேல் கவிழ்ந்து கிடப்பதையும் பார்த்தாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அப்பாவிடம் கேட்டாள்.

"அப்பா, இங்க என்ன நடக்குது?"

"ஒரு திருகாணி உள்ள விழுந்துடுச்சும்மா."

"பெரிய இடுக்கியை விட்டுக் குடைஞ்சா உள்ள கீறல் விழும்னு சொல்லுங்க."

"எங்கிட்ட இருக்கறது இதுதான்னு சொல்லுங்க மாமா," என்றாள் படக்காரி.

"என் பையில வளைஞ்ச மூக்கு இடுக்கி இருக்குன்னு சொல்லுங்கப்பா."

"ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன போஸ்ட்மேனா?" என்று மாமனார் எகிறினார். "எட்டடி தூரத்துல நின்னுக்கிட்டு என் வழியா லெட்டர் போடறீங்க. இடுக்கியை எடுத்துட்டு வா!"

பல்லுக்காரி கை கழுவித் துடைத்துக்கொண்டு வந்தாள். ஒரு பல்லின் ஓரத்தில் மெழுகைச் சுரண்டிச் சுரண்டிப் பழகிய கை அது. அப்பாவை டார்ச் பிடிக்கச் சொன்னாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு இடுக்கியை உள்ளே இறக்கினாள். படக்காரி பக்கத்தில் நின்று சாமிக்கு வேண்டிக்கொள்ளாத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டார்ச் பிடிப்பவருக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

"ஏம்மா, இத்தனை நாளா படம் தெரிஞ்சுக்கிட்டுதானே இருந்தது? இந்தக் கார்டு எதுக்கு?"

"தெரிஞ்சது மாமா. ஆனா கூட்டுக்குடித்தனம்."

"என்னது?"

"கம்ப்யூட்டரோட கூடவே பிறந்த கிராபிக்ஸுக்குத் தனக்குன்னு மெமரி கிடையாது. ஒரே அடுப்புல வீட்டுல இருக்கற எல்லாரும் சமைக்கற மாதிரி, பெரியவர் சமைச்சு முடிச்சாத்தான் இதுக்கு அடுப்பு. சின்னப் படத்துக்கு அது போதும். வாசகசாலை முழுக்க நடக்கணும்னா திணறுது. இந்தக் கார்டுக்குத் தனி அடுப்பு, தனிப் பாத்திரம். அதான் அன்னிக்கு மொட்டை மாடியில என் ஃப்ரெண்டுகிட்ட போன்ல சொன்னேன். இனிமே கூட்டுக்குடித்தனம் சரிப்படாது, எவ்ளோ செலவானாலும் தனிக்குடித்தனம் போயிடணும்னு."

இடுக்கியின் மூக்கில் அப்போதுதான் திருகாணி மாட்டியிருந்தது. அது மறுபடியும் டிக் என்று விழுந்தது.

பல்லுக்காரி நிமிர்ந்தாள். மூன்று வாரத்துக்குப் பிறகு அண்ணியை நேராகப் பார்த்தாள்.

"மொட்டை மாடியில பேசினது... இதையா?"

"எதை?"

"துணி காயப்போட்டுக்கிட்டே பேசினீங்களே. எல்லாரும் கை வெச்சு கை வெச்சு நமக்குன்னு ஒண்ணும் மிஞ்சறதில்லன்னு."

"மெமரியைச் சொன்னேன்!"

"பெரியவரே பாதியை முழுங்கிடறார்னு சொன்னீங்க. அது அப்பாவை இல்லியா?"

"பெரியவர்னா ப்ராசசர்! நானும் என் ஃப்ரெண்டும் அதை அப்படித்தான் கூப்பிடுவோம்!"

"நானா?" என்றார் மாமனார் டார்ச்சோடு. "நான் எதை முழுங்கினேன்?"

படக்காரிக்கு விஷயம் புரியப் புரியக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

"அதுக்காகவா? மூணு வாரமா என் முகத்தைப் பாக்கலையே! என்ன தப்பு பண்ணேன்னு தெரியாம தினமும் தூக்கம் இல்லாம கிடந்தேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டு, நீங்க ஆமான்னு சொல்லிட்டா?"

பல்லுக்காரியின் குரல் கம்மிப்போனது. அண்ணனும் அண்ணியும் கிளம்பிப் போன பிறகு இந்த வீடு எப்படி இருக்கும் என்று மூன்று வாரமாக நினைத்து நினைத்து நொந்துபோயிருந்தாள் அவள். படக்காரி அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள், பிறகு "பெரியவர் பாதியை முழுங்கிடறார்" என்று ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ரெண்டு பேரும் அழுது முடிச்சுட்டீங்கன்னா," என்றார் மாமனார், "எனக்குக் கை வலிக்குது. டார்ச்சை எவ்ளோ நேரம் பிடிக்கறது?"

இரண்டாவது முறை திருகாணி மறுபேச்சில்லாமல் வெளியே வந்தது.

அதற்குப் பிறகு வேலை சூடு பிடித்தது. பல்லுக்காரி லேபுக்குப் போன் போட்டு, வயிறு சரியில்லை, மதியம் லீவு என்று கூசாமல் ஒரு பொய் சொன்னாள். படக்காரி பெட்டியைப் பிரித்துக் கார்டை எடுத்தாள். கனமாக இருந்தது. முதுகில் இரண்டு விசிறி. அடியில் வரிசையாகத் தங்க நிறத்தில் பட்டைகள்.

"ஆ! தங்கப் பல்லு!" என்று பல்லுக்காரி கூவினாள். "விரல் வெச்சுடாதீங்க அண்ணி, எண்ணெய் ஒட்டிக்கும்."

நீளமான பள்ளத்துக்கு நேரே பிடித்து, இரண்டு ஓரத்திலும் சமமாக அழுத்த வேண்டும். படக்காரி அழுத்தினாள். அசையவில்லை. உடைந்துவிடுமோ என்று பயந்துகொண்டே இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். கிளிக்!

"ரைட்!" என்றார் மாமனார், பழக்க தோஷத்தில்.

திருகாணி இரண்டையும் பல்லுக்காரியே முடுக்கினாள். கரண்ட் கொடுக்கும் பெட்டியிலிருந்து எட்டு முள் வயரை இழுத்துக் கார்டின் தலையில் செருகினார்கள். மூடியைப் போட்டு, வயரையெல்லாம் மாட்டி, மூன்று பேரும் ஒரு முறை ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். படக்காரி ஸ்விட்சைத் தட்டினாள்.

விசிறிகள் சுழன்றன. விளக்கு எரிந்தது. திரையில் மட்டும் கும்மிருட்டு. நடுவில் ஒரு சின்னப் பெட்டி மிதந்தது: சிக்னல் இல்லை.

மணி இரண்டரை.

படக்காரி அணைத்துப் போட்டாள். மறுபடியும் சிக்னல் இல்லை. கார்டைக் கழற்றி மாட்டினாள். அப்போதும் சிக்னல் இல்லை. தோழிக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. "போச்சு. எல்லாம் போச்சு. நான் ஒழுங்கா பழசையே வெச்சுக்கிட்டு இருந்திருக்கலாம்," என்று நாற்காலியில் சரிந்தாள்.

பல்லுக்காரி மேஜைக்குப் பின்னால் புகுந்து, பெட்டியின் முதுகை வாய் திறந்த நோயாளியைப் பார்ப்பதுபோல் உற்றுப் பார்த்தாள்.

"அண்ணி, திரைக்குப் போற வயரு இது ஒண்ணுதானே?"

"ஆமா."

"இது மேல பழைய ஓட்டையில இல்ல மாட்டியிருக்கு? புதுக் கார்டுல கீழ வரிசையா நாலு ஓட்டை இருக்கு, ஒண்ணுலயும் ஒண்ணையும் காணோம்." ஒரு நொடி யோசித்துவிட்டு வெடித்துச் சிரித்தாள். "கார்டு தனிக்குடித்தனம் போயிடுச்சு. நீங்க இன்னும் பழைய வீட்டுக் கதவையே தட்டிக்கிட்டு இருக்கீங்க!"

நாலு வருஷப் பழக்கம். கை தானாகப் பழைய இடத்திலேயே மாட்டியிருந்தது. படக்காரி தலையில் அடித்துக்கொண்டாள். வயர் இடம் மாறியதும் திரை பளிச்சென்று விழித்துக்கொண்டது. மூன்று பேரும் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்து மூடியது.

கார்டுக்கு உரிய மென்பொருளை இறக்கி ஏற்றுவதற்குள் மூன்றேகால். ஒரு வழியாக வாசகசாலைப் படத்தைத் திறந்தாள். வாசல் கதவை நோக்கி மவுஸை நகர்த்தினாள்.

கதவு வந்தது, போனது. அவ்வளவுதான்.

கதவைத் தாண்டி நடைபாதை, அதைத் தாண்டி அலமாரிகள், தரையில் விழுந்த வெயில், மேஜையில் ஏறியிறங்கும் நிழல் எல்லாம் தண்ணீர் போல ஓடி வந்தன. நாலு மாதமாகத் துண்டு துண்டாக, திக்கித் திக்கிப் பார்த்த தன் வாசகசாலையை அவள் முதல் முறையாக முழுசாகப் பார்த்தாள். "ஐயோ, எவ்ளோ அழகா இருக்கு!" என்று தன் வேலையைத் தானே புகழ்ந்துகொண்டாள். அதில் தப்பில்லை, நிஜமாகவே அழகாகத்தான் இருந்தது.

மாமனார் மவுஸைப் பிடுங்கிக்கொண்டார். "நகருங்க, நகருங்க, உள்ள போங்க," என்று சொல்லிக்கொண்டே வாசகசாலைக்குள் பஸ் ஓட்டினார். இரண்டு அலமாரிகளை இடித்தார்.

மூன்றே முக்காலுக்குப் படக்காரியின் கணவன் வந்தான். தச்சன். எதையும் மில்லிமீட்டரில்தான் சொல்வான் என்பதால் பட்டறையில் அவனுக்கு மில்லி என்று பெயர். வேறு எந்த மில்லியும் தொடாத நல்ல மனுஷன். ஒரு குறை, எதையும் வாய்விட்டுக் கேட்க மாட்டான். மனதில் போட்டுப் பூட்டிக்கொள்வான்.

இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் அவனிடம் கதையைச் சொன்னார்கள். பெரியவர், அடுப்பு, மொட்டை மாடி, தங்கப் பல். எல்லோரும் சிரித்தார்கள். அவன் மட்டும் சிரிக்கவில்லை.

"அப்போ அது கம்ப்யூட்டரைப் பத்திப் பேசினதா?" என்று மெல்லக் கேட்டான்.

"பின்ன என்னவாம்!" என்றாள் படக்காரி. அவன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, அதில் ஒட்டிய மரத்தூளைத் தட்டிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தான். அவளுக்கு அதைக் கவனிக்க நேரமில்லை. நாலு மணி அடித்துவிட்டது.

திரையின் மூலையில் தலைமையாசிரியையின் முகம் வந்தது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "இன்னிக்காவது உள்ள விடுவியாம்மா?"

"நீங்களே வாங்க மேடம்," என்றாள் படக்காரி. மவுஸ் அவர் கைக்குப் போனது.

அவர் வந்தார். வாசலைத் தாண்டினார். தாண்டியதும் நின்றார். படக்காரிக்கு உயிரே நின்றது. படம் நிற்கவில்லை, அவராகத்தான் நின்றிருந்தார். பின்னால் திரும்பி, தாண்டி வந்த வாசலைப் பார்த்தார். பிறகு அலமாரிகளுக்கு நடுவே போனார்.

"இங்க என் வண்டி திரும்புமா?"

"திருப்பிப் பாருங்க மேடம். உங்க நாற்காலி அளவு வெச்சுத்தான் போட்டேன்."

அவர் ஒரு சுற்றுச் சுற்றினார், பிறகு இன்னொரு சுற்று. மூன்றாவது சுற்று தேவையே இல்லை, சும்மா குழந்தை மாதிரி சுற்றினார். அறையும் வெயிலும் புத்தகங்களும் அவரோடு சேர்ந்து ஒரு திக்கல் இல்லாமல் சுற்றின. ஜன்னலோர மேஜையருகே போய் அமர்ந்த மாதிரி நிறுத்திக்கொண்டார்.

"பத்து வருஷமா அந்த வாசகசாலைக்குள்ள நான் போனதில்லம்மா. வாசல்லயே புத்தகத்தைக் கொண்டாந்து குடுப்பாங்க." தொண்டையைச் செருமிக்கொண்டார். "வேலை உனக்குத்தான். கமிட்டியில யாரும் மறுத்துப் பேச மாட்டாங்க, நான் பாத்துக்கறேன்."

பல்லுக்காரி வாயைப் பொத்திக்கொண்டு குதித்தாள். மாமனார் சத்தமில்லாமல் கைதட்டினார். படக்காரி திரையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"திங்கக்கிழமை கமிட்டி ஆளுங்க நாங்க அஞ்சு பேரும் நேர்ல வந்து உக்காந்து பாத்துடறோம். உன் ஆபீஸ் எங்கம்மா?"

படக்காரி ஃபிரிட்ஜைப் பார்த்தாள், பிறகு பீரோவையும் தலைக்கு மேலே தொங்கிய மாமனாரின் வேட்டியையும் பார்த்தாள். "ஆபீஸ்... வந்து மேடம்..."

ஸ்டூலிலிருந்து கணவன் எழுந்து வந்தான். குனிந்து மைக்கில் சொன்னான்: "வாங்க மேடம். அட்ரஸ் அனுப்பறோம். கீழ்த்தளம்தான், படி கிடையாது."

இணைப்பு முடிந்தது. எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

"ஏங்க, எந்த அட்ரஸ்?"

அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்தான். "வாடகை வீடு. கீழ ஒரு பெரிய ரூம். மேல ரெண்டு ரூம், ஒரு சமையலறை. நீ தனியா போகணும்னு போன்ல பேசினதா தங்கச்சி வந்து அழுதா. அன்னிக்கே தேட ஆரம்பிச்சேன். உன்கிட்ட கேக்கணும்னு தோணலை. நீ ஆசைப்பட்டு நான் செய்யலைன்னு ஆயிடக் கூடாதுன்னுதான் நெனச்சேன். நேத்துதான் சாவி குடுத்தாங்க."

மூன்று பேரும் சாவியைப் பார்த்தார்கள்.

"அதுக்கென்ன?" என்று மாமனார்தான் முதலில் சிரிக்கப் பார்த்தார். "எல்லாம் தப்பாப் புரிஞ்சுக்கிட்டதுதானே? சாவியைத் திருப்பிக் குடுத்துட்டாப் போச்சு. என்னம்மா சொல்றே?"

"அதானே அண்ணி," என்றாள் பல்லுக்காரி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு.

ஆமாம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றுதான் படக்காரி வாயைத் திறந்தாள். சத்தியமாக அதைத்தான் சொல்ல நினைத்தாள்.

"கீழ் ரூமுக்கு ஜன்னல் எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

கேட்டது தன் குரல்தான் என்று அவளுக்கு உறைக்கச் சற்று நேரமாயிற்று. அதற்குள் பல்லுக்காரி அவள் கையை விட்டிருந்தாள்.